சுவார்ட்ஸ் என்றொரு பெயர்

இராமேசுவரம் தீவிலிருந்து உயர்நிலைக் கல்விக்காக இராமநாதபுரம் வந்து சேர்ந்த மரைக்காயர் குடும்பத்துச் சிறுவர் ஒருவர், பிற்காலத்தில் பாரத நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த வரலாற்றை நம் மாணவச் செல்வங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்துல் கலாம் அவர்கள் பயின்ற அந்தப் பள்ளியின் பெயர் சுவார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளி என்பதையும் பலர் அறிவர். ஆனால் அப்பெயருக்குரியவர் யாவர் என்று வினவினால் பெரும்பாலோர் விழிப்பர். யானும் ஒரு காலத்தில் அவ்வாறு விழித்தவனே.

கணிதம் பயிலும் மாணவர்கள் இப்பெயரை வேறோர் இடத்தில் சந்தித்திருப்பர். கோசி சுவார்ட்ஸ் சமனிலி என்று அவர்கள் மனப்பாடம் செய்யும் தேற்றத்தில் வரும் சுவார்ட்ஸ், 1843-இல் பிறந்து 1921-இல் மறைந்த ஹெர்மன் அமாண்டஸ் சுவார்ட்ஸ் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர். 1950-இல் கணிதத்தின் உயரிய பரிசாகிய பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பிரெஞ்சு நாட்டு லோரான் சுவார்ட்ஸும் இதே குடும்பப் பெயரைத் தாங்கியவர். இவர்களுக்கெல்லாம் முற்பட்டவராகப் பெர்தோல்டு சுவார்ட்ஸ் என்னும் துறவி ஒருவர் பேசப்படுகிறார். ஐரோப்பாவில் வெடிமருந்தைக் கண்டறிந்தவர் அவரே என்பது அந்நாட்டார் வழங்கும் கதை. வரலாற்றறிஞர் அதனை ஏற்பதில்லை. எனினும் பிரைபுர்க் நகரத்தார் அவருக்குச் சிலையெடுத்துப் போற்றுகின்றனர். ஜெர்மன் மொழியில் இச்சொல்லுக்குக் கறுப்பு என்பது பொருள். நம்மூரில் கருப்பையாவும் கருப்பண்ணனும் தெருவுக்கு ஒருவர் இருப்பதுபோல அந்நாட்டில் சுவார்ட்ஸ்கள் எங்கும் உளர். ஒருவர்க்கொருவர் உறவினராய் இருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

தமிழ்நாட்டில் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் பெயராய் நின்றவர் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ். தஞ்சை வட்டாரத்தார் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றே வழங்கினர். காஞ்சிபுரத்துக்காரனாகிய எனக்கு அவர் வரலாற்றில் பற்று ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. அவர் மேற்கொண்ட ஒரு பயணம் பயன்பட்டிருக்குமாயின், நம் ஊரின் வடக்கே புள்ளலூர் வெளியில் 1780-இல் ஓடிய குருதி ஓடாமல் இருந்திருக்கக் கூடும்.

சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் ஸ்வோன்ஸ்க் என்ற பெயரில் உள்ளது. தாயை மிக இளமையிலேயே இழந்தார். ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, சென்னையில் பல்லாண்டு பணிபுரிந்து நாடு திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் என்பாரிடம் தமிழ் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. தமிழ் வேதாகமம் ஒன்றை ஹாலேயிலேயே அச்சிடும் எண்ணத்துடன் சூல்ட்ஸ் தமிழ் அறிந்த உதவியாளரைத் தேடிக்கொண்டிருந்தார். அச்சுப்பணி நடைபெறாமற் போயிற்று. கற்ற தமிழ் மட்டும் மாணவரிடத்தே தங்கிற்று. ஆக, காவிரியைக் காணுமுன்பே அவர் தமிழைக் கண்டுவிட்டார்.

1750 சூலையில் தரங்கம்பாடி வந்திறங்கிய அவர் நான்கே மாதங்களில் தமிழில் சொற்பொழிவாற்றத் தொடங்கினார். டேனியருடைய அந்தச் சிறு துறைமுகத்தில் அவருக்கு முன்னர் வந்த சீகன்பால்கு 1710-களிலேயே தமிழ் அச்சுக்கூடம் நிறுவிப் புகழ்பெற்றிருந்தார். அவர் காலத்தவரான பப்ரீசியுஸ் தமிழ் அகராதி தொகுத்தார். சுவார்ட்ஸ் அவ்வழியில் செல்லவில்லை. அவர் எழுதியவை சில. நூலாசிரியர் வரிசையில் அவருக்குப் பெரிய இடம் கிடையாது. தமிழ்த்துறை மலரில் இவரைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று நண்பர் ஒருவர் ஐயுற்றார். மொழியை ஏட்டில் பயன்படுத்தினாரைப் போற்றும் நாம், அதனை மனிதர்களிடையே பாலமாகப் பயன்படுத்தினாரையும் நினைப்பது தகும் என்பதே என் விடை. அன்றியும், பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சிறுவராய்ப் பாளையங்கோட்டையிலிருந்து தஞ்சை வந்து பயின்றது இவரிடத்தேதான்.

தரங்கம்பாடியில் 12 ஆண்டுகள் கழித்தபின் 1762-இல் தஞ்சைக்கும் திருச்சிக்கும் கால்நடையாகவே சென்றார். திருச்சி அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கே வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துப் படைவீரர் பலர் மாண்டபோது, தந்தையரை இழந்த குழந்தைகளுக்காகப் பள்ளி ஒன்று தொடங்கினார். கோட்டையிலிருந்த ஆங்கிலப் படைக்குச் சமயகுருவாகவும் அமர்ந்தார். அதற்கெனக் கிடைத்த ஊதியத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பள்ளிக்கும் ஏழைகளுக்கும் செலவிட்டார். தாம் தங்கியது பழைய கட்டடம் ஒன்றின் சிறிய அறை. கட்டில் போட்டால் நிற்க இடம் மிகுதியில்லை. சோறும் காய்கறியும் உணவு. திருமணம் செய்துகொள்ளவில்லை.

திருச்சி அந்நாளில் ஆர்க்காட்டு நவாபு வாலாஜா முகமது அலியின் அரண்மனை நகரமாகவும் விளங்கியது. 1795-இல் சென்னையில் காலமான அந்நவாபின் அடக்கத்தலம் இன்றும் திருச்சி நத்ஹர் வலி தர்காவில் இருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அரண்மனையைச் சார்ந்த முஸ்லிம் பெருமக்களோடு உரையாட விரும்பிய சுவார்ட்ஸ் அதற்காகவே பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். பின்னர்த் தஞ்சையில் போன்சலே மன்னருடன் பேசுவதற்காக மராத்தியும் கற்றார். ஒருவருடன் பேச வேண்டுமாயின் அவருடைய மொழியில் பேசவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். சமயம் பரப்புவதற்கென்றே வந்தவர் அவர். அதனை மறைக்க வேண்டுவதில்லை, அவரும் மறைக்கவில்லை. அவரோடு சமயக் கருத்தில் உடன்படாத முஸ்லிம்களும் இந்துக்களும் அவர் சொல்லை நம்பினர் என்பதுதான் இங்கே கருதத்தக்கது.

அந்த நம்பிக்கைக்குப் பெருஞ்சோதனை 1779-இல் வந்தது.

மைசூர் ஹைதர் அலிக்கும் ஆங்கிலக் கும்பினிக்கும் 1769-இல் சென்னையில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைநிற்பது என்பது அதன் உட்பொருள். சில காலத்துக்குள் மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது கும்பினியார் அசையவில்லை. ஹைதர் அதனை மறக்கவில்லை. 1779 மார்ச்சில் அவர் தம் பாதுகாப்பில் இருப்பதாகக் கருதிய மாஹே துறைமுகத்தைக் கும்பினியார் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். அவருக்குப் போர்க்கருவிகள் வந்திறங்கிய துறைமுகம் அது. போர் மேகம் சூழ்ந்துவிட்டதைக் கண்ட சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு, ஹைதரின் உள்ளக்கிடக்கையை அறிந்து வரவும் கும்பினியார் அமைதியையே நாடுவதாகச் சொல்லி வரவும் தூதர் ஒருவரைத் தேடினார். படைத்தலைவரை அனுப்பவில்லை. வணிகரை அனுப்பவில்லை. தஞ்சையில் குடியேறியிருந்த பாதிரியாரை அழைத்தார். ஹைதர் நம்பக்கூடிய ஐரோப்பியர் இவர் ஒருவரே என்பது அவர் கணிப்பு. அது பிழையான கணிப்பன்று.

சுவார்ட்ஸ் தயங்கினார். சூழ்ச்சிக்காக அன்றி அமைதிக்காகச் செல்வது என்பதால் பின்னர் இசைந்தார். வழிச்செலவு தவிர எப்பயனும் பெறுவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டார். 1779 சூலையில் புறப்பட்டுக் கரூர் வழியாகச் சென்று, கஜ்ஜல்ஹட்டிக் கணவாய் ஏறி, ஆகஸ்டு இறுதியில் ஸ்ரீரங்கப்பட்டணம் அடைந்தார்.

அங்கே கண்டவற்றை அவர் கடிதமாக எழுதி வைத்துள்ளார். ஆங்கிலேயர் எழுதிய மைசூர் வரலாறுகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அக்குறிப்புகள் புதுமையாகத் தோன்றும். எழுதப் படிக்க அறியாத ஹைதர் ஒரே வேளையில் பல அலுவல்களைக் கவனித்து ஆணையிடுவதைக் கண்டு அவர் வியக்கிறார். மன்னர் சொல்ல ஒருவர் கடிதம் எழுதுவார். எழுதியதை மற்றொருவர் படித்துக்காட்ட வேண்டும். சொன்னதற்கு மாறாக ஒரு சொல் இருப்பினும் எழுதியவர் பாடு பெரும்பாடு. வரிதண்டும் அலுவலர்களை அச்சுறுத்தச் சாட்டைக்காரர்கள் எப்போதும் நின்றிருந்ததையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். ஆதரவற்ற சிறுவர்களைத் திரட்டி உணவும் உடையும் அளித்து, மரத்துப்பாக்கி கொடுத்துப் பயிற்றுவிக்கும் ஏற்பாட்டைக் கண்டபோது அவர் உள்ளம் நெகிழ்கிறது. அநாதைகளுக்காகவே பள்ளி நடத்தியவர் அல்லவா? அவரவர் சமயத்தை அவரவர் விரும்பியவாறு கைக்கொள்ள அங்கே தடையில்லை என்றும் குறிக்கிறார். ஹைதரின் படையில் பணிபுரிந்த ஜெர்மானிய வீரர்களுக்கு அவர்தம் மொழியில் வழிபாடு நடத்தினார். அதனையும் எவரும் தடுக்கவில்லை.

அரண்மனையின் சோலையை நோக்கித் திறந்திருந்த கூடத்தில், கம்பளத்தின்மேல் ஹைதரின் அருகிலேயே அவர் அமர்த்தப்பட்டார். மொழிபெயர்ப்பாளர் எவரும் இடையில் தேவைப்படவில்லை. திருச்சியில் கற்ற மொழிகள் அன்று உதவின. கும்பினியார் முன்பு கொடுத்த வாக்கைக் காக்கவில்லை என்னும் முறையீட்டை ஹைதர் ஒளிவின்றி எடுத்துரைத்தார். அமைதிக்குத் தாம் தடையல்லர் என்றும் தெரிவித்தார். வந்தவருடைய நேர்மையில் அவருக்கு ஐயமில்லை. அனுப்பியவருடைய நேர்மையில்தான் ஐயம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் தெளிவு அந்த எழுத்தறியா மன்னரிடம் இருந்தது. ஏடு பல கற்றாரிடத்தும் எளிதிற் காணக் கிடைக்காத தெளிவு அது.

விடைபெறும்போது வழிச்செலவுக்கென 300 ரூபாய் அளிக்கப்பட்டது. சுவார்ட்ஸ் அதனைச் சென்னையில் ஆளுநரிடம் ஒப்படைத்தார். வைத்துக்கொள்ளுமாறு அவர்கள் வற்புறுத்தவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதனை மூலதனமாக்கினார். மைசூர் அரண்மனைப் பணம் தஞ்சைப் பிள்ளைகளின் சோறாயிற்று.

தூது என்னவாயிற்று? அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அமைதி பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், குண்டூருக்குச் செல்லும் கும்பினிப் படை ஒன்று ஹைதருக்குரிய கடப்பைப் பகுதி வழியாக, அவரிடம் இசைவு பெறாமலே செல்ல முற்பட்டது. தம்மிடம் ஒரு கையால் சமாதானம் நீட்டிய கும்பினி மறு கையால் என்ன செய்கிறது என்பதை ஹைதர் கண்டார். ஹைதரின் முறையீடுகளைத் தாங்கிய கடிதத்துடன் சுவார்ட்ஸ் சென்னை திரும்பினார். அக்கடிதம் கேட்பாரற்றுக் கிடந்தது. ஆளுநர் ரம்போல்டு 1780 ஏப்ரலில் உடல்நலக் குறைவு காட்டி இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். மறு ஆண்டு கும்பினி இயக்குநர்கள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது.

1780 சூலையில் ஹைதரின் பெரும்படை கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமையில் இறங்கியது. ஆகஸ்டு இறுதியில் ஹெக்டர் மன்றோ தலைமையில் கும்பினியின் முதன்மைப் படை காஞ்சிபுரத்துக்கு வந்து தங்கியது. தெய்வ வழிபாட்டுக்காகப் பல்லவரும் சோழரும் விசயநகரத்தாரும் எழுப்பிய மதில்கள் அந்நாளில் படைக்கலமும் தானியமும் காக்கும் கோட்டைச் சுவர்களாயின. குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி தலைமையில் வந்துகொண்டிருந்த படை மன்றோவுடன் சேரவேண்டும் என்பது திட்டம். செப்டம்பர் 10-ஆம் நாள் புள்ளலூரில் ஹைதரும் அவர் மைந்தர் திப்புவும் அப்படையை வளைத்துக்கொண்டனர். இங்கே சிறு குறிப்பொன்று. மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும் புள்ளலூரும் இதுவே. ஓர் ஊருக்கு இரண்டு முறை இப்படிப்பட்ட புகழ் வாய்ப்பது நல்லூழா, தீயூழா என்பதை அவ்வூர் உழவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

மைசூர்ப் படையின் ஏவுகணைகளும் பீரங்கிகளும் முழங்க, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அணிவகுப்புச் சிதறியது. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படையில் பெரும்பாலோர் மடிந்தனர், ஏனையோர் சிறைப்பட்டனர். பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்தார். பீரங்கி முழக்கம் கேட்டும் உரிய காலத்தில் சென்று சேராத மன்றோ, மறுநாள் தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர்க்காட்சி வண்ண ஓவியமாக இன்றும் விளங்குகிறது. வெற்றியின் மிடுக்கு அங்கே உண்டு. காஞ்சிபுரத்துப் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு வேறொன்றும் தெரியும். தொடர்ந்த போராலும் பஞ்சத்தாலும் இச்சீமையின் உழவரும் நெசவாளரும் ஊரை விட்டு ஓடினர். பசியால் சென்னைக்கு வந்து குவிந்த மக்களுக்காக 1782-இல் கஞ்சித்தொட்டி திறக்கப்பட்ட வரலாறும் இப்போரின் பின்விளைவே. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது தறியை விட்டு ஓடியவனுக்கு ஒரு பொருட்டாய் இருந்திராது.

அமைதிக்கு ஏங்குவதாகக் காட்டி நாளைக் கடத்தக் கும்பினியாருக்கு ஒரு நல்ல மனிதர் தேவைப்பட்டார் என்று சொல்வோர் உளர். அவ்வாறாயின் சுவார்ட்ஸ் ஏமாற்றுக்குத் துணைபோனவர் ஆவாரா? பலநாள் எண்ணிப் பார்த்த பின்னும் என்னால் அவரை அவ்வாறு கருத இயலவில்லை. தம்மை அனுப்பியவர்களைப் பற்றி அவர் சற்றுக் குறைவாகவே ஐயுற்றார் எனலாம். அது நேர்மையாளரிடம் பொதுவாகக் காணப்படும் குறை. அவரைப் பற்றிய இறுதித் தீர்ப்பை வழங்க நம்மினும் தகுதியுடையவர் ஹைதர் அலி. அவர் வழங்கிய தீர்ப்பு இது: போர் மூண்டு, சீமையெங்கும் தம் குதிரைப்படை சூழ்ந்திருந்த நாளில், அந்தப் பாதிரியார் எங்குச் சென்றாலும் தடையின்றி விடவேண்டும், அவருக்குத் தீங்கு செய்யலாகாது என்று தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டார். பகைவர் பாசறைகளுக்கிடையே சுவார்ட்ஸ் தம் மாணாக்கருடன் நடந்து போய் வந்தார்.

தஞ்சைக் கோட்டைக்குள் அப்போது கொடிய பஞ்சம். காலையில் தெருவில் கிடக்கும் பிணங்களை அகற்றுவதே பெரும்பணியாயிற்று. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது, கொண்டுவருவோர் இல்லை. காரணம் வெளிப்படை. முன்பு நெல் கொண்டுவந்தோர்க்கு விலை கொடுக்கப்படவில்லை, மாடுகளும் பறிக்கப்பட்டன. மன்னர் துளசாவும் கும்பினி அலுவலரும் வாக்களித்துப் பார்த்தனர். எவரும் நம்பவில்லை. இறுதியில் மன்னர் இப்பொறுப்பைச் சுவார்ட்ஸிடம் விட்டார். கொண்டுவரும் நெல்லுக்கும் மாட்டுக்கும் விலை தருவதற்குத் தாமே பொறுப்பு என்று தம் கையெழுத்திட்டு ஊர்களுக்கு அவர் ஓலை விடுத்தார். இரண்டு மூன்று நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. ஒவ்வொருவருக்கும் உரிய விலையைத் தம் கையாலேயே கொடுத்து, மேலும் சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார்.

மன்னன் வாக்கு, கும்பினி வாக்கு இரண்டும் செல்லாக் காசாகிப்போன சந்தையில் ஒரு தனிமனிதர் கையெழுத்து மட்டும் செலாவணியாகியது. இது வெறும் பெருமைக் கதையன்று. அந்நாளைய ஆட்சிகள் எத்தகையன என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்றும் வேண்டா.

போர் ஓய்ந்த பின்னும் இதே நிலைதான். வரிக்கொடுமை தாளாமல் தஞ்சைச் சீமையை விட்டு ஓடியிருந்த குடியானவர்கள், மன்னர் அழைத்தும் வரவில்லை. சுவார்ட்ஸ் தம் சொல்லைப் பிணையாக வைத்து அழைத்தபோது 7,000 பேர் திரும்பினர். பருவம் தப்பும் நிலை; இரவும் பகலும் உழைத்து அவ்வாண்டு நடவை முடித்தனர்.

1783-இல் மீண்டும் அவருக்குத் தூதுப்பணி வந்தது. ஹைதர் அலி 1782 டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூர்ப் பக்கத்துப் பாசறையில் காலமாகிவிட்டார். அரியணையில் இருந்தவர் திப்பு சுல்தான். அவரைக் காணப் புறப்பட்ட சுவார்ட்ஸ் சத்தியமங்கலம் வரையில்தான் செல்ல முடிந்தது. மேற்செல்ல இசைவு கிடைக்காமையால் திரும்பினார். முதல் தூதுக்குப் பின் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்ப்பார்க்குத் திப்புவின் மறுப்பு வியப்பளிக்காது.

இதன்பின் அவர் கருத்துப் பள்ளிகளின்பால் சென்றது. தஞ்சையில் கும்பினியின் பேராளராயிருந்த ஜான் சல்லிவனுடன் சேர்ந்து 1785-ஐ ஒட்டித் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளை ஏற்படுத்தினார். தஞ்சை மன்னரும் சேதுபதி மன்னரும் சிவகங்கையாரும் ஆதரவளித்தனர். கும்பினி ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் வழங்க இசைந்தது. கும்பினிக்கு ஆங்கிலம் அறிந்த பணியாளர் தேவைப்பட்டனர் என்பதும் தொடக்கத்தில் உயர்குடிப் பிள்ளைகளே மிகுதியாகப் பயின்றனர் என்பதும் உண்மை. ஆயினும் விதைத்தவன் எண்ணியதோடு விதை நின்றுவிடுவதில்லை. அவ்விராமநாதபுரப் பள்ளியின் வழியில் வந்ததே 1940-களில் கலாம் அவர்கள் பயின்ற சுவார்ட்ஸ் பள்ளி. தஞ்சைப் பள்ளியின் வழியில் வந்தது தூய பேதுரு பள்ளி.

அவர் பிழையே செய்யாதவரல்லர். 1787-இல் மரணப்படுக்கையில் இருந்த மன்னர் துளசா, தாம் சுவிகாரம் எடுத்த சிறுவர் சரபோசியைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க விரும்பினார். இத்துணைப் பெரும்பொறுப்பைத் தாம் ஏற்பது தகாது என்று அவர் பின்வாங்கினார். மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் பொறுப்பை விடுமாறு சொன்னார். அடக்கத்தால் சொன்ன சொல்தான். ஆனால் அதன் விளைவைச் சிறுவர் அனுபவிக்க நேர்ந்தது. சுவிகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் எழுதிக்கொடுக்க, கும்பினியார் அமர்சிங்கையே அரியணை ஏற்றினர். சரபோசி அரண்மனையின் இருளறையில் அடைபட்டுக் கிடந்தார். கல்வியும் மறுக்கப்பட்டது.

தம் சொல்லால் விளைந்த தீங்கைத் துடைக்கும் கடமை தமக்கு உண்டு என்று சுவார்ட்ஸ் கருதியிருத்தல் வேண்டும். அறுபதைக் கடந்த வயதில் விடாமல் முயன்றார். அரண்மனைக்குச் சென்று முறையிட்டார்; சென்னைக்கு எழுதினார்; காவல் ஏற்பாடு செய்வித்தார்; 1793-இல் சரபோசியைச் சென்னைக்கு அழைத்துச் செல்லவும் அங்கே கெரிக்கே பாதிரியாரிடம் கல்வி தொடரவும் வழிசெய்தார். சுவிகாரம் பற்றிய பண்டிதர் தீர்ப்பு நேர்வழியில் பெறப்பட்டதன்று என்பதையும் ஆட்சியாளர் உணருமாறு செய்தார். இப்போராட்டம் ஏறத்தாழ பத்தாண்டு நீடித்தது. ஹைதரிடம் சென்றுவந்த தூதைக் காட்டிலும் இந்தப் பத்தாண்டே அவருடைய உண்மையான பெருமை என்பது என் கருத்து. அங்கே அவர் பிறர் பிழைக்காக நடந்தார். இங்கே தம் பிழைக்காக நடந்தார்.

அதன் பயனைக் காண அவர் இருக்கவில்லை. 1798 பிப்ரவரி 13-ஆம் நாள் தஞ்சையில், தம் மாணாக்கரும் உடன் பணியாற்றியோரும் சூழ்ந்திருக்க உயிர் நீத்தார். ஐரோப்பாவை விட்டு வந்தபின் 48 ஆண்டுகள் ஒருமுறையேனும் அவர் தாயகம் திரும்பியதில்லை. அடக்கம் செய்ய நேரம் குறித்தாயிற்று. ஆனால் சரபோசி இன்னொரு முறை அவர் முகத்தைப் பார்க்க விரும்பியதால் சற்றுத் தாமதிக்கப்பட்டது. சரபோசி வந்தார், கண்ணீர் விட்டார், உடலின்மேல் பொற்சரிகை ஆடை போர்த்திப் புதைகுழி வரையிலும் உடன் சென்றார். நான்கு மாதம் கழித்து, அவ்வாண்டு சூன் 29-ஆம் நாள் அவர் தஞ்சை அரியணையில் அமர்ந்தார். அடுத்த ஆண்டே நாட்டின் ஆட்சியைக் கும்பினிக்கு எழுதிக்கொடுத்துக் கோட்டையளவில் மன்னராக நிற்கும் நிலையும் வந்தது. எஞ்சிய காலத்தை அவர் சரசுவதி மகால் நூலகத்தை வளர்ப்பதில் செலவிட்டார். அதன் பயனைத் தமிழ் படிப்போர் அனைவரும் நுகர்ந்துகொண்டிருக்கிறோம்.

கும்பினியார் சென்னைக் கோட்டைக்குள் தூய மேரி தேவாலயத்தில் சுவார்ட்ஸுக்கு நினைவுச் சின்னம் நாட்டினர். தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையுள் அவர் 1779-இல் எழுப்பிய தேவாலயத்தில் இருப்பது வேறு. அதனை மன்னர் சரபோசி தம் பொருளில் இலண்டன் நகரச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் செய்வித்து வரவழைத்தார். படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைத் தலைப்பாகை அணிந்த இளம் மன்னர் பற்றி நிற்கும் காட்சி, வெண்சலவைக் கல்லில். அருகே பள்ளிப் பிள்ளைகளும் நிற்கின்றனர்.

கல்லறை இருப்பது அங்கன்று. கோட்டைக்கு வெளியே தூய பேதுரு தேவாலயத்தில். அதன்மேல் உள்ள கல்லில் சில அடிகளாலான ஆங்கிலப் பாட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அதனை இயற்றியவரும் சரபோசி மன்னரே. ஜெர்மானியப் பாதிரியார் ஒருவருக்காக, அவர் சமயத்தைத் தழுவாத மராத்திய மன்னர், தமிழ் மண்ணில் ஆங்கிலத்தில் எழுதியது.